உடுப்பிக் கடலில் ஓர் அணைந்த எரிமலை

கோடையில் சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வற்றுகிறது. அடியில் கிடக்கும் கரம்பை மண் காயக் காயச் சுருங்குகிறது. பாளம் பாளமாக வெடிக்கிறது. சில பாளங்களுக்கு ஐந்து பக்கம், சிலவற்றுக்கு ஆறு பக்கம்.

இதே வெடிப்பு பாறையிலும் விழுந்திருக்கிறது!

கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே மால்பே துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து படகில் சுமார் 6 கிலோமீட்டர் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகள். அங்கே கல்தூண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. செதுக்கி அடுக்கியது போல இருக்கும். பல தூண்கள் அறுகோணம். உயரமானவை 20 அடி வரை. ஆனால் எந்தச் சிற்பியும் அங்கே உளி பிடிக்கவில்லை. எரிமலைக் குழம்பு ஆறி, சுருங்கி, வெடித்து உண்டான தூண்கள் அவை.

2025 செப்டம்பரில் இந்தத் தீவுகளுக்கு ஒரு கௌரவம் வந்தது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் 7 இயற்கை இடங்கள் புதிதாகச் சேர்ந்தன. திருமலைக் குன்றுகள் அவற்றில் ஒன்று. இந்தத் தீவுகள் இன்னொன்று.

அப்படி என்ன பெருமை? ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக் கிடந்தன. பிறகு நிலம் பிளந்தது. நெருப்புக் குழம்பு பொங்கியது. இரண்டும் பிரிந்தன. இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. மடகாஸ்கரிலும் அதே காலத்து எரிமலைப் பாறைகள் இருக்கின்றன. அண்ணன் தம்பி பாகம் பிரித்த பத்திரத்தின் ஒரு பிரதி இங்கே, மறு பிரதி அங்கே!

மறுபடி வெடிக்குமோ என்று பயம் வேண்டாம். குமுறும் எரிமலை நமக்கு அந்தமானில் இருக்கிறது. பாரன் தீவு என்று பெயர். உடுப்பித் தீவுகளில் நெருப்பு எப்போதோ அணைந்துவிட்டது.

பயம் வேறு இடத்தில். உத்தேசப் பட்டியல் முதல் படிதான். அதில் ஓராண்டாவது இருந்த பிறகே முறையாக விண்ணப்பிக்க முடியும். அப்போது, "இடத்தை எப்படிக் காக்கிறீர்கள்?" என்று யுனெஸ்கோ கேட்கும். கூட்டம் பெருகும் சின்னஞ்சிறு தீவில் அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. குளத்துக் கரம்பை அடுத்த கோடையிலும் வெடிக்கும். உடைந்த கல்தூணை மறுபடி வார்க்க அங்கே நெருப்பு இல்லை.

உடுப்பி கிருஷ்ணன் கோவிலுக்கும் கொல்லூருக்கும் போகிறவர்கள் பிள்ளைகளோடு ஒரு நடை போய் வரலாம். மழைக்காலத்தில் மட்டும் படகு கிடையாது.