கேட்பவரை யார் கேட்பது?

தானா ராத்தாவில் பல வீடுகளில் மின்னல் எஃப்எம் விடியலிலேயே பாடத் தொடங்கிவிடும். ரேடியோ பாடுகிறது என்பதால் வீட்டில் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு அது கடிகாரம், சிலருக்குத் தனிமைக்குத் துணை. கணக்கெடுப்பில் மட்டும் எல்லாருமே ‘நேயர்’.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் மானுடவியலாளர்கள் ஒலிபரப்பு நிலையங்களுக்குள்ளேயே போய் உட்காருகிறார்கள். ஜார்ஜினா போர்ன் 1990களில் பிபிசிக்குள் இருந்து ஆராய்ந்து, 2004இல் அதைப் புத்தகமாக்கினார். ஜான் பர்ட் தலைமையில் தணிக்கையும் ஆலோசகர்களும் பெருக, நிகழ்ச்சி செய்பவர்களின் படைப்பூக்கம் சுருங்கியதை அவர் காட்டினார். அது லண்டன் கதை.

தேயிலை மலைக்காரர்களான நமக்கு நெருக்கமானது இலங்கையின் கொத்மலை. 1981இல் இலங்கையில் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள், குடியேற்றக் கிராமங்களில் நாள்கணக்கில் தங்கி மக்களோடு சேர்ந்து நிகழ்ச்சி பதிவு செய்தார்கள். அந்த வழியில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989இல் கொத்மலை நிலையம் வந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு இணையமும் சேர்ந்தது. நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி ஒலிபரப்பிலேயே பதில் சொல்வார்.

2002இல் மானுடவியலாளர் ஜோ டாக்கியும் சமூகவியலாளர் டான் ஸ்லேட்டரும் சகாக்களோடு இந்நிலையத்தை ஆராய்ந்தார்கள். அங்கிருந்து வளர்ந்த முறை 2003இல் யுனெஸ்கோ கையேடாக வந்தது. “எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டீர்களா?” என்று மட்டும் கேட்டு நிற்கிற முறையல்ல இது. வீட்டில் ரேடியோ யார் கையில் இருக்கிறது? சேதி முதலில் யாரிடமிருந்து வருகிறது? கடையிலா, கோயிலிலா, தொலைபேசியிலா? எனக்கு மிகவும் பிடித்தது, நிலைய ஊழியரே குறிப்பேடு எழுதும் ஆய்வாளராக வேண்டும் என்ற யோசனை. வெளியாள் அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஊழியர் மறுநாளும் ஒலிவாங்கி முன்னால் உட்கார வேண்டியவர்.

கொத்மலையில் சிங்களக் கிராமங்களும் உண்டு, தமிழ்த் தோட்ட லயங்களும் உண்டு. ஒலி எல்லா வீட்டுக்கும் போகும். அதில் யாருடைய பேச்சு கேட்கிறது என்பதை எண்ணிக்கைப் பட்டியல் சொல்லாது.

நம் கேமரன் மலையிலும் அப்படித்தான். ஆர்டிஎம்முக்குத் தமிழில் மின்னல் இருக்கிறது, ஒராங் அஸ்லி மக்களுக்கு அஸ்யிக் எஃப்எம் இருக்கிறது. ஆனால் இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்தினர், நேபாளத்தினர். நம் பிள்ளைகளோ ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கைப்பேசியில் வேறெதையோ கேட்கிறார்கள். தோட்டத்தில் மிஞ்சியிருப்பவர்கள் யார், அவர்களுக்கு எந்நேரம் எது தேவை? மின்னலில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரைக் குறிப்பேட்டோடு ஒரு மாதம் இங்கே தங்க அனுப்பலாம். அறை வாடகை இங்கே கொஞ்சம் அதிகம்தான். பள்ளி விடுமுறை இல்லாத மாதமாகப் பார்த்து அனுப்புங்கள்.