பிறர் விளையாட்டும் நமது உழைப்பும்

புகழ்பெற்ற பழைய வீடியோ விளையாட்டுகளைப் பிற கலைஞர்களிடம் ஒப்படைத்துப் புத்துயிரளிப்பது இன்று பெருகிவரும் வழக்கமாகும். ஜப்பானின் சேகா நிறுவனம் தனது 'சோனிக்' தொடரை, அதன் தீவிர இரசிகரான அவுஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட்டின் குழுவிடம் கையளித்தது. 2017இல் வெளியான 'சோனிக் மேனியா' பெரும் பாராட்டைப் பெற்றது.

மறுபுறம், யுபிசொஃப்ட் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' விளையாட்டின் மீளுருவாக்கத்தைத் தனது புனே, மும்பை கிளைகள் மேற்கொள்வதாக 2020இல் அறிவித்தது. வரைகலை குறித்துக் கண்டனங்கள் எழுந்தன. 2022இல் பணி மொன்ட்ரியலுக்கு மாற்றப்பட்டு, 2026 ஜனவரியில் அடியோடு கைவிடப்பட்டது. இந்தியக் கலைஞர்களின் உழைப்பு வெளிச்சத்திற்கே வரவில்லை.

வெற்றியாயினும் தோல்வியாயினும் உரிமையும் இறுதி முடிவும் பெயருக்குரிய நிறுவனத்திடமே இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. இதனை மலையகத்திற்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பது நாம். விலையும் வணிகப் பெயரும் வேறிடத்தில் தீர்மானமாகின்றன.

வைட்ஹெட் அத்துடன் நின்றுவிடவில்லை. தோழர்களுடன் சொந்த நிறுவனம் அமைத்து, 2024இல் 'பென்னிஸ் பிக் பிரேக்அவே' என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டார். பட்டிப்பொல போன்ற தோட்டப்புறங்களில் கணினி கற்கும் தமிழ், முஸ்லிம் இளைஞர்களும் ஒப்பந்த வேலையைப் படிக்கல்லாகக் கொள்ளட்டும். இலக்கு சொந்தப் படைப்பாக இருக்கட்டும். அதற்கான பயிற்சியையும் முதலீட்டையும் வழங்குவது அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும்.