புகையைப் பார்க்கிறார்கள், போல் ஜொயிண்ட்டை யார் பார்ப்பது?

மாத்தளையில் வீட்டு முற்றத்தில் காரைத் தூக்கி வைத்து, முன்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றிப் புதுப் பாகம் பூட்டுகிற இளைஞர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சுத்தான் உண்டு. பெரியவர்கள் "காசைக் கரியாக்குறானுங்க" என்பார்கள். பேஸ்புக்கில் படத்தைப் போட்டால் "செம லோ மச்சான்" என்று கொமண்ட் வரும். அந்தக் காருக்கு அடியில் என்ன நடந்தது என்ற கேள்வி இரண்டு பேச்சிலும் வருவதில்லை. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வேலையை வீட்டில் செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் கார் எவ்வளவு பதிந்து நிற்கிறது என்று காட்டுவதற்காகச் செய்யக் கூடாது. மலை இறக்கத்தில் முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்க வேண்டும், அதற்காகச் செய்ய வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரியை நினைக்க வேண்டாம். நம்ம பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஹொண்டா சிவிக், இல்லாவிட்டால் அதே வயசில் ஒரு மிட்சுபிஷி லான்சர், ஒரு டொயோட்டா ஸ்டார்லட். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் அனுப்பிய காசு, சீட்டுக் காசு, கொழும்பில் கடையில் நின்று சேர்த்த சம்பளம் என்று எல்லாம் கூட்டி வாங்கியது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட அந்த ஐந்து வருஷமும் நாட்டில் இருந்த பழைய கார்களே கை மாறி ஓடின. அதனால் இன்று ஒரு இளைஞன் வாங்குகிற காருக்கு அவனை விட வயசு கூட. அதன் அடியில் இருக்கிற றப்பர் புஷ்களுக்கும் அதே வயசாக இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் கார்கள் ஜப்பானில் ஓடியபோது 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போயின. புதுக் காருக்கு முதல் மூன்று வருஷத்தில், அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் பார்ப்பார்கள். காரைப் பதிக்கிறவனுக்கும் அங்கே எல்லை உண்டு, தரைக்கும் காரின் அடிக்கும் நடுவில் குறைந்தது 9 சென்டிமீற்றர் இருக்க வேண்டும். அதே கார் கப்பல் ஏறி இங்கே வந்ததும் என்ன நடக்கிறது? வருஷா வருஷம் வரிப்பத்திரம் எடுக்கப் போகும்போது நாம் காட்டுவது காப்புறுதியும் புகைச் சான்றிதழும்தான். 2008 முதல் சைலன்சர் குழாயில் கம்பி விட்டுப் புகையை அளக்கிறார்கள். நல்லது, சுவாசிக்கிறது நாம்தானே. ஆனால் புகை பாஸ் ஆன அதே காரின் போல் ஜொயிண்ட் கழன்று விழுகிற நிலையில் இருந்தாலும் அந்த மெஷினுக்குத் தெரியாது.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியபோது, பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்ற வைத்தது ஞாபகம் இருக்கும். கண்ணில் படுகிறதைப் பிடிப்பது லேசு. கலர் லைட்டும் பெரிய ஹோர்னும் தூரத்திலிருந்தே தெரியும். தேய்ந்த டை ரொட் எண்ட்டைப் பார்க்க ஒருவர் குனிந்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சட்டம் மேலே தெரிவதைப் பார்க்கிறது என்று நாங்கள் குறை சொல்கிறோம். சரி, காரைப் பதித்துப் படம் எடுக்கிற நாமும் மேலே தெரிவதைத்தானே பார்க்கிறோம்?

இதை மாத்தளையில் இருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற ரோட்டையோ எல்கடுவ பக்கத்து ரோட்டையோ ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏற்றம் எஞ்சினைச் சோதிக்கும், இறக்கம் சஸ்பென்ஷனைச் சோதிக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னுக்கு ஓடி வருகிறது. அப்படியே ஒரு வளைவில் திருப்பினால், வெளிப்பக்க முன் சக்கரம் ஒன்றுதான் அந்தப் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது. அந்தச் சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பது லோவர் ஆமும் ஒரு எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத போல் ஜொயிண்ட்டும். அது கழன்றால் சக்கரம் மடிந்து விழும், ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நடைபாதை கிடையாது. ரோட்டு ஓரத்தில் ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளும் கொழுந்துப் பையோடு நடக்கிற அம்மாமாரும்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மண்சரிவு மலைநாட்டு ரோடுகளை உடைத்த பிறகு, குழிகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இப்போது காரைப் பதிக்கிற விஷயத்துக்கு வருவோம். "பதிஞ்சா கார் ரோட்டோட ஒட்டும்" என்பது நாம் எல்லாரும் கேட்ட வசனம். பாதி உண்மை. புவியீர்ப்பு மையம் கீழே வருவது உண்மைதான். ஆனால் லான்சர், ஸ்டார்லட் மாதிரி மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களை இரண்டு அங்குலம் பதித்தால், லோவர் ஆமின் சாய்வு மாறிவிடும். பொடி சாய்வதற்கு அச்சாக இருக்கிற புள்ளி, பொடி இறங்கியதை விட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். அதனால் வளைவில் பொடியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. ஸ்பிரிங்கை இறுக்கமாகப் போட்டு அதை மறைக்கலாம், ஆனால் சுகம் போய்விடும். டை ரொட்டின் கோணமும் மாறுவதால், குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பப் பார்க்கும். ஷொக் அமுங்க இடம் குறைந்துவிட்டால் அது பம்ப் ஸ்டொப்பில் போய் முட்டும். வளைவின் நடுவில் அப்படி முட்டினால் டயர் பிடியை விட்டுவிடும்.

சிவிக்கின் கதை கொஞ்சம் வேறு. 2000 வரைக்கும் வந்த சிவிக்குகளில் முன்பக்கம் டபுள் விஷ்போன். பதித்தாலும் ஓரளவு சமாளிக்கும், ஆனால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே கம்பி தெரியும்.

ஆகவே எங்கள் வாதம் இதுதான். இந்த ரோடுகளுக்கு முதல் 'மொடிபிகேஷன்' பழைய காரைப் புதுசாக்குவது. லோவர் ஆம் புஷ், போல் ஜொயிண்ட், டை ரொட் எண்ட், தரமான ஒரு சோடி ஷொக். இவ்வளவும் மாற்றினாலே, "இது என் காரா?" என்று கேட்கிற அளவுக்கு ஸ்டியரிங் மாறிவிடும். அதற்குப் பிறகும் கொயில்ஓவர் வேண்டுமென்றால் போடுங்கள், ஆனால் உயரத்தைக் கம்பனி உயரத்துக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த புஷ்ஷோடு இருக்கிற காருக்கு விலை கூடிய கொயில்ஓவர் போடுவது, ஓட்டை விழுந்த கூரைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை.

வீட்டில் செய்வதென்றால் பயப்பட வேண்டிய இடத்தில் பயந்து செய்ய வேண்டும். முதல் பயம் தரைக்கு. நம்ம முற்றம் பாதி சரிவு, மீதி சேறு. ஜெக்கை நேரே மண்ணில் வைத்தால் அது பக்கவாட்டில் புதையும். தட்டையான இடத்தில், அடியில் கனமான பலகை போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துத் தூக்க வேண்டும். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜெக் தூக்குவதற்கு மட்டும்தான். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம். அந்தக் கல் எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் உடையும், உள்ளே படுத்திருப்பது நம்ம தம்பி.

இரண்டாவது பயம் ஸ்பிரிங்குக்கு. ஒரு டன் அளவுள்ள இந்தக் கார்களில் முன் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோ தாங்குகிறது. அந்தப் பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங், காரிலிருந்து கழற்றிய பிறகும் ஸ்ட்ரட்டுக்குள் அமுங்கியேதான் இருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் மேலே உள்ள நடு நட்டைக் கழற்றினால் அது துப்பாக்கி மாதிரி வெடித்துக் கிளம்பும். கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியையும் எதிரெதிரே போட்டு, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். முகம் அதற்கு நேரே இருக்கவே கூடாது. கொயில்ஓவர் முழு செட்டாக வந்தாலும், பழைய டொப் மவுண்டைக் கழற்றிப் புதுசில் போட வேண்டியிருந்தால் இதே ஆபத்து வருகிறது. கம்ப்ரஸர் கிடைக்கவில்லையா? ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி, அந்த ஒரு வேலைக்கு கராஜுக்குக் கொண்டு போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது விஷயத்தை யூடியூபில் பலபேர் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். றப்பர் புஷ் உள்ள ஆமின் போல்ட்டை, கார் தூக்கி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்குகிற நிலையில் இறுக்கிவிட்டு காரை இறக்கினால், றப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். கையால் பிடிக்கிற அளவுக்குப் பூட்டி, காரின் பாரத்தைச் சக்கரத்தில் கொடுத்த பிறகுதான் டோர்க் ரென்ச் எடுக்க வேண்டும். சிவிக்கின் சக்கர நட்டுக்கு 108 நியூட்டன் மீற்றர். "நல்லா இறுக்கிட்டேன்" என்பது அளவு இல்லை. போல் ஜொயிண்ட்டின் கொட்டர் பின்னைப் புதுசாகப் போடுங்கள். பிரேக் கலிப்பரைக் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஷொக்கை எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட். இது விருப்பம் இருந்தால் செய்கிற வேலை கிடையாது. முன்பக்க ஆம்களைக் கழற்றிப் பூட்டினாலோ உயரத்தை மாற்றினாலோ சக்கரங்களின் கோணமும் மாறியிருக்கும். மெதுவாக ஓட்டிப் போய் அலைன்மென்ட் பார்த்து, ஒரு நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகு ரிவர்ஸ்டன் போகலாம்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, கராஜில் கொடுத்தா முடிஞ்சுதே" என்று சிலர் கேட்பார்கள். நல்ல பாஸ்மார் நம்ம ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்றவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் டோர்க் ரென்ச்சைத் தொடாத கராஜும், போல் ஜொயிண்ட்டைச் சுத்தியலால் அடித்தே கழற்றுகிற கராஜும் உண்டு. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாகம் ஜெனுயினா, டூப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத வாடிக்கையாளனுக்கு எந்த கராஜும் ஒன்றுதான். தன் கையால் ஒருமுறை கழற்றிப் பூட்டியவனை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது.

அந்த அறிவு நம்ம மொழியில் இல்லாததுதான் பெரிய குறை. சர்வீஸ் மெனுவல் ஜப்பானிய மொழியில் அல்லது ஆங்கிலத்தில். கராஜில் பேச்சு சிங்களத்தில். தமிழில் ஓ.எல் முடித்துவிட்டு கராஜில் சேர்கிற பையன் பத்து வருஷம் வேலை செய்தும், ஏன் அந்த போல்ட்டைக் காரை இறக்கிய பிறகு இறுக்க வேண்டும் என்ற காரணத்தை யாரும் சொல்லித் தராமலே பாஸ் ஆகிவிடுகிறான். கைப்பழக்கம் இருக்கும், என்.வி.கியூ சான்றிதழ் இருக்காது. வெளிநாடு போனால் அந்தத் தாள் இல்லாததால் உதவியாளாகவே நிற்பான்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. அந்த விபத்தையும் சஸ்பென்ஷனையும் நாங்கள் முடிச்சுப் போடவில்லை. ஆனால் கார் ஒரு கணம் கைமீறினால் அடிபடுவது ஓட்டுகிறவன் மட்டும் இல்லை என்பதை அன்றைக்கு நாடே பார்த்தது. பந்தயத்துக்கு வருகிற காரை ஓட விடுவதற்கு முன்னால் பரிசோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம்ம ரோட்டில் ஓடுகிற காருக்கு அப்படி யாரும் இல்லை. அதைப் பரிசோதிக்கிறவர் நாமேதான்.

எனவே இரண்டு பக்கமும் கேட்கிறோம். அரசாங்கத்திடம்: ஸ்டிக்கரையும் லைட்டையும் பார்க்கிற கண்ணால் தனியார் கார்களின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை புகையோடு சேர்த்து ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் சோதிக்க ஒரு முறை கொண்டுவாருங்கள், தரமாக மாற்றியவனுக்கு அதைப் பதிவு செய்ய நேரான வழி கொடுங்கள். ஜெர்மனியில் லோவரிங் ஸ்பிரிங் போட்டவன் அதற்குரிய அங்கீகாரப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் ஒளிந்து ஓடத் தேவையில்லை.

நம்ம பையன்களிடமும் பிள்ளைகளிடமும்: அடுத்த தடவை காரைத் தூக்கும்போது, முடிந்த பிறகு எடுக்கிற படத்தை மட்டும் போடாதீர்கள். கழற்றிய பழைய புஷ்ஷை, டோர்க் ரென்ச் காட்டிய அளவை, அலைன்மென்ட் தாளைப் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதுங்கள். ரத்தொட்டையிலோ உக்குவெலையிலோ இன்னொருத்தன் அதைப் பார்த்துத்தான் தன் காரின் நட்டைக் கழற்றப் போகிறான்.