பணம் முக்கியமில்லையாம்... சொல்வது யார்?

"பள்ளிக்கூடத்துக்குப் பணத்தைக் கொட்டினால் மட்டும் மார்க் வந்துவிடுமா?" அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளின் நிதியைப் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேட்கிறவர் பெரும்பாலும் வசதியான பகுதியில் வீடு வாங்கியவராக இருப்பார். ஏன் அங்கே வாங்கினீர்கள் என்றால், "ஸ்கூல் நல்லா இருக்கு, அதான்" என்பார்!

விஷயம் புரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். அங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் 'பள்ளி மாவட்டம்' என்கிற உள்ளூர் அமைப்பு. மாநில அரசு ஒரு பங்கு கொடுக்கும், மத்திய அரசு கொஞ்சம் கொடுக்கும். மீதியை அந்த மாவட்டமே தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலைகளின் மேல் சொத்துவரி போட்டுத் திரட்டிக்கொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள், சொல்லிக்கொள்ளும்படி தொழிற்சாலையோ கடைத்தெருவோ கிடையாது. அலமோ ஹைட்ஸ் பணக்காரர்களின் குடியிருப்பு. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு இருந்த சொத்து மதிப்பு சராசரியாக 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் உச்சம். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட்.

அதிக விகிதத்தில் வரி கட்டியவர்களுக்கு என்ன மிஞ்சியது தெரியுமா? மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, மாணவருக்கு 26 டாலர். குறைவாகக் கட்டியவர்களுக்கு 333 டாலர். மாநில, மத்திய அரசுப் பணத்தையும் சேர்த்தால் எட்ஜ்வுட்டுக்கு 356, அலமோ ஹைட்ஸுக்கு 594.

"படிப்பில் அக்கறை இருந்தால் இன்னும் கொஞ்சம் வரி கட்டட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் மிக அதிகம் திரட்டிய மாவட்டத்துக்கு எட்ஜ்வுட் ஈடுகொடுக்க வேண்டுமென்றால் 100 டாலருக்கு 5.76 டாலர் வரி போட்டிருக்க வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதித்த உச்சவரம்போ 1.50 டாலர்! ஓடச் சொல்லிவிட்டுக் காலையும் கட்டிப்போடுவதற்குப் பெயர் 'உள்ளூர் சுயாட்சி'.

இது பள்ளிக்குள் எப்படித் தெரிந்தது? 1968-69இல் எட்ஜ்வுட் ஆசிரியர்களில் சுமார் 47 சதவீதம் பேர் முழுத் தகுதி இல்லாமல் அவசர அனுமதியில் பாடம் நடத்தியவர்கள். அலமோ ஹைட்ஸில் 11 சதவீதம். மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர் அங்கே 645 பேருக்கு ஒருவர், இங்கே 3,098 பேருக்கு ஒருவர். இப்படி நடத்திவிட்டு, பரீட்சை முடிவு வந்ததும் "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். அதே ஆண்டு டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்கிற உலோகத் தகடு வேலை செய்யும் தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1971இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைத் தலைகீழாக்கியது. கல்வி அரசியல் சட்டப்படி அடிப்படை உரிமை அல்ல என்றது. செலவுக்கும் கல்வியின் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே சர்ச்சைக்குரியது என்றும் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பாவெல், முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். பள்ளி நிர்வாகம் தெரியாத மனிதரும் இல்லை!

பணத்தால் பயனில்லை என்பவர்கள் கையில் ஒரு வலுவான உதாரணம் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. கான்சாஸ் சிட்டி. 1985இலிருந்து நீதிமன்ற உத்தரவின்பேரில் அங்கே சுமார் 200 கோடி டாலர் கொட்டப்பட்டது. ஒலிம்பிக் அளவில் நீச்சல் குளம்கூடக் கட்டினார்கள். மார்க் ஏறவில்லை. உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று, புறநகர் வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கவர்ந்து இழுப்பது. நீச்சல் குளம் அல்ஜீப்ரா சொல்லித்தராது என்பதற்கு அது சாட்சி. தகுதியான ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்காதே என்பதற்கு அது எப்படிச் சாட்சியாகும்?

எதிர்ப்பக்கத்து ஆதாரம் இன்னும் கனமானது. ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ என்கிற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்றங்கள் நிதியைத் திருத்திப் பங்கிடச் சொன்ன மாவட்டங்களின் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தது. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு முழுக்க மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடினால், பிற்காலத்தில் கூலி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் அதைவிட அதிகம். ஒரு வருடத்துப் பரீட்சை மார்க்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள், முதல் காலாண்டு லாபத்தைப் பார்த்துக் கம்பெனியை இழுத்து மூடச் சொல்கிறவர்களைப் போல.

எட்ஜ்வுட் மறுபடியும் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அப்போது மாநிலத்தின் பணக்கார மாவட்டத்துக்கும் ஏழை மாவட்டத்துக்கும் சொத்து மதிப்பில் இருந்த வித்தியாசம் 700 மடங்கு! அதன் பிறகு 1993இல், பணக்கார மாவட்டங்களின் உபரி வரியை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு உடனே 'ராபின் ஹூட்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பணக்கார மாவட்டங்கள் வரிசையாக வழக்குப் போட்டன. பணத்தால் பயனில்லை என்றால் அதை இழக்க ஏன் இத்தனை வருத்தம்? வக்கீல் ஃபீஸ் வேறு!

2016இல் அதே டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், முறையில் குறைகள் இருந்தாலும் குறைந்தபட்சத் தகுதி இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டது. எட்ஜ்வுட்டில் வழக்குப் போட்ட காலத்தில் சுமார் 22,000 மாணவர்கள் இருந்தார்கள். இன்று பத்தாயிரத்துக்கும் குறைவு. பிள்ளைகள் குறைந்தால் மாநிலப் பணமும் குறையும், ஆனால் கட்டடத்தின் கரண்ட் பில்லும் பஸ் செலவும் அதே விகிதத்தில் குறையாது. நிலைச் செலவு என்று காமர்ஸ் முதல் வருடப் பாடத்திலேயே வரும் விஷயம் இது.

இந்த எல்லைக்கோடுகளை யாரும் வானத்திலிருந்து போடவில்லை. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம்தான், பணம் மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து வருகிறது. அங்கே எல்லாம் பிரமாதம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் ஆசிரியர் யார் என்பதைப் பக்கத்து வீட்டின் விலை முடிவு செய்ய வேண்டியதில்லை.