ஒல்லிக்கும் ஆறு பாயின்ட்!

ப்ளஸ் ஒன் சேர்ந்தப்போ என் எடை 43 கிலோ. ஸ்கூல் பேக்கையும் சேர்த்து! அந்த உடம்போட தைரியமா கபடி செலக்‌ஷனுக்குப் போய் நின்னேன். பி.டி. மாஸ்டர் மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்துட்டு, "டேய் ஓமக்குச்சி, நீ ஸ்கோர் எழுதுடா"ன்னார். ரெண்டு வருஷம் எழுதினேன். ஒப்புக்குச் சப்பாணியாகக்கூட யாரும் கோட்டுக்கு உள்ளே கூப்பிடலை.

இந்தப் பழைய சோகம் இப்போ எதுக்குன்னு கேக்குறீங்களா? போன மாசம், இன்டர்னல் எக்ஸாமுக்குப் படிக்க வேண்டிய ராத்திரியில் அமெரிக்க ஹைஸ்கூல் மல்யுத்த ரூல்ஸைப் படிச்சுக்கிட்டிருந்தேன். (சிலபஸைத் தவிர மத்த எல்லாமே அன்னிக்குத்தானே சுவாரஸ்யமா இருக்கும்!) படிக்கப் படிக்க, நான் தப்பான நாட்டுல ப்ளஸ் ஒன் படிச்சுட்டேனோன்னு ஒரு டவுட்.

விஷயம் இதுதான். அங்கே ரெண்டு ஸ்கூல் மோதினா, எடை வாரியா ஒருத்தனுக்கு ஒருத்தன்னு 14 குஸ்தி. முதல் வகுப்பு 106 பவுண்டு, அதாவது 48 கிலோ வரைக்கும். கடைசி வகுப்பு 285 பவுண்டு. கிட்டத்தட்ட 129 கிலோ மலை! எதிராளியோட முதுகை மேட்ல பதிச்சா டீமுக்கு 6 பாயின்ட். பாயின்ட் வித்தியாசத்துல ஜெயிச்சா குறைஞ்சது 3. மலை சாய்ச்சாலும் ஆறு, நம்ம மாதிரி ஒல்லிப்பிச்சான் சாய்ச்சாலும் அதே ஆறு. ஒரு வகுப்புக்கு ஆளே இல்லைன்னா? எதிர் டீமுக்கு அந்த ஆறும் சும்மா போயிடும்.

இந்தக் கடைசி ரூல்தான் என்னை அசத்தினது. காலி இடத்துக்கு ஆறு பாயின்ட் தண்டம்னா, கோச் என்ன பண்ணுவார்? ஒன்பதாம் கிளாஸ் வராந்தாவுல, தன்னைவிடப் பெரிய பையைத் தூக்கிட்டுப் போற பொடியனைத் தேடிப் பிடிச்சு, "தம்பி, குஸ்தி கத்துக்குறியா?"ன்னு கேட்டே ஆகணும். இது பாசம் இல்லை பாஸ், கணக்கு! அமெரிக்கன் ஃபுட்பால்ல அந்தப் பையனைத் தேடி யார் வருவா? பாஸ்கெட்பால்ல?

இப்போ அந்தக் கதவுதான் கொஞ்சம் கொஞ்சமா மேலே ஏறிக்கிட்டே இருக்கு. ஒரு காலத்துல அங்கே முதல் வகுப்பு 98 பவுண்டு. அப்புறம் 103. 2011-ல் 106. அந்த வருஷம் பழைய லிஸ்ட்டையும் புது லிஸ்ட்டையும் பக்கத்துல வெச்சு நானே எண்ணிப் பார்த்தேன். 152 பவுண்டு வரைக்கும் ஒன்பது வகுப்பு இருந்தது எட்டு ஆச்சு. அதுக்கு மேல அஞ்சு இருந்தது ஆறு ஆச்சு. மொத்தம் அதே 14தான். ஆனா ஒரு நாற்காலி ஒல்லிப் பக்கத்துலேருந்து எழுந்து குண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துடுச்சு!

அடுத்து 2023-24 சீசன்லேருந்து, 14, 13, 12 இதுல எத்தனை வகுப்புன்னு அந்தந்த மாநிலமே முடிவு பண்ணலாம்னு ரூல். 12 வகுப்பு லிஸ்ட்ல ஆரம்பமே 108. காரணம் இல்லாம இல்லை. சின்ன ஊர் ஸ்கூல்ல 14 பேரைச் சேர்க்கவே முடியறதில்லை. பஸ் பிடிச்சு மேட்ச் பார்க்க வர்ற அப்பா அம்மா, பாதி குஸ்திக்கு 'ஆள் இல்லை'ன்னு கை தூக்குறதை மட்டும் பார்த்துட்டுப் போனா யாருக்குத்தான் பிடிக்கும்? அதுவும் நியாயம்தான்.

ஆனா வெட்டும்போது கீழ்ப் பக்கம் கத்தி வைக்கறதுதான் எனக்குப் பிடிக்கலை. 'வர்ற பசங்களோட எடைக்கணக்கைப் பார்த்துத்தான் வகுப்பைப் பிரிக்கிறோம்'னு சொல்றாங்க. சரி, அந்தக் கணக்குல யார் இருக்கா? ஏற்கெனவே குஸ்திக்கு வந்தவன்தானே! 'நமக்கு இடமில்லை'ன்னு வாசலோடு திரும்பினவன் எந்த லிஸ்ட்லயும் இல்லையே. (ப்ராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வெச்ச எனக்கே இது புரியுது.)

'ரெண்டு பவுண்டுதானே, என்ன இப்போ?'ன்னு கேட்கலாம். சதவிகிதமா பாருங்க மக்களே. 95 பவுண்டு பையன் 108 பவுண்டு பையனோட மோதினா 13 பவுண்டு வித்தியாசம். அவன் சொந்த எடையில கிட்டத்தட்ட 14 சதவிகிதம். 200 பவுண்டு ஆளை 228 பவுண்டு ஆளோட மோத விடற மாதிரி!

இன்னொரு வாதம் கொஞ்சம் சீரியஸானது. கீழே வகுப்பு இருந்தா, அதுல நுழைய பசங்க பட்டினி கிடந்து எடையைக் குறைப்பாங்களாம். பயம் நிஜம். 1997 கடைசியில் எடை குறைக்கப் போய் மூணு அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தே போனாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல, 100 கிராம் கூடிப்போய் வினேஷ் போகத் ஃபைனலையே இழந்ததை நாமளும் பார்த்தோம். ஆனா அதுக்குத்தான் ஹைஸ்கூல்ல வேற பூட்டு போட்டிருக்காங்க. உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு சீசன் ஆரம்பத்துலயே அளந்து, பையன்களுக்கு 7 சதவிகிதம், பெண்களுக்கு 12 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கவே கூடாதுன்னு ரூல். வாரத்துக்கு உடல் எடையில ஒன்றரை சதவிகிதத்துக்கு மேல குறைக்கவும் கூடாது. பட்டினி கிடக்கறவனைத் தடுக்கணும், சரி. வயிறு முட்டச் சாப்பிட்டும் 95 தாண்டாதவன் என்ன பாவம் பண்ணினான்?

ஆன்டனி ராபிள்ஸ்னு ஒருத்தர். பிறவியிலேயே ஒரு கால் இல்லை. அரிசோனாவுல ஸ்கூல் படிக்கும்போதுதான் மல்யுத்தத்துக்கு வந்தார். 2011-ல் கல்லூரி அளவிலான தேசிய சாம்பியன், அந்த சீசன் முழுக்க ஒரு தோல்விகூட இல்லை. ஜெயிச்சது 125 பவுண்டு வகுப்பு. அங்கே கல்லூரிக்கு இருக்கறதுலயே சின்ன வகுப்பு அதுதான்.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். "அமெரிக்காக்காரன் கவலை உனக்கெதுக்குடா?"ன்னு திரும்பிப் படுத்துட்டான். அவன் 84 கிலோ. ஸ்கூல் டீம்ல கபடி ஆடினவன்.