படகோட்டிக்கும் ஒரு ஆசை இருக்கட்டும்!



சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் சிலர் பகடை உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சூதாட்டம் இல்லை சார்! 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளிவந்தது. கதையை நடத்துபவர் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடனாகவோ மாறி, 'நான் இப்படிச் செய்கிறேன்' என்று சொல்லச் சொல்லக் கதை வளரும். செய்தது பலித்ததா என்று இருபது முகப் பகடை சொல்லும். கடைக்காரர், காவலர், வில்லன் என்று மீதி அத்தனை பேருக்கும் மாஸ்டர்தான் பேச வேண்டும். இவர்களை என்.பி.சி. என்பார்கள். இவர்களுக்காகத்தான் நான் வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு குழுவின் ஆட்டத்தை வேடிக்கை பார்த்தேன். ஆற்றைக் கடக்க மூன்று வெள்ளிக்காசு கூலி கேட்ட படகோட்டியை வெட்டிப் போட்டுவிட்டார்கள்! "ஏன்டா?" என்றேன். "சும்மா என்.பி.சி. தானே" என்று பதில் வந்தது. அந்த 'சும்மா' என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பழி முழுவதும் வீரர்கள் மேல் இல்லை. அந்தப் படகோட்டி காசு கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எடை பார்க்கும் மெஷின் மாதிரி நின்றார். மெஷினை உதைத்தால் யார் அழுவார்கள்?

இதற்கு மருந்து என்று சில மாஸ்டர்கள் ஒவ்வொரு என்.பி.சி.க்கும் பிறந்தது முதல் வரலாறு எழுதி நோட்டை நிரப்புகிறார்கள். அதை வாசித்துக் காட்டும்போது கொட்டாவிதான் வருகிறது. நம் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியை நினைத்துப் பாருங்கள். அவர் எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், நமக்குத் தெரியுமா? ஆனாலும் மறக்க மாட்டோம். "கணக்குல எத்தனை மார்க்கு?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பொட்டலத்தையே நீட்டுவார். நம்மிடமிருந்து அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. என்.பி.சி.க்கும் அது போதும் என்பது என் கருத்து.

கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' என்ற சாகசத்தில், கோட்டைக்குள் இருப்பவர்களுக்குப் பெயரே கிடையாது! கொல்லர், காவலர் என்று தொழில் மட்டும்தான். ஆனால் அங்கே தங்கியிருக்கும் ஒரு பூசாரி கலகலப்பாகப் பேசுவார், நாம் பேசுவதையும் காது கொடுத்துக் கேட்பார். உண்மையில் அவர் உளவாளி. குகைகளுக்குப் போகும் வீரர்களை ஒழிக்க வந்தவர். பெயர் இல்லாவிட்டால் என்ன, இவரை மறக்க முடியுமா?

ட்ரேசி ஹிக்மன் என்பவர் ஒரு ஆட்டத்தில், பாதாள அறையில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ரத்தக்காட்டேரி நிற்பதைப் பார்த்தாராம். 'இது இங்கே என்ன பண்ணுது?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரும் மனைவி லாராவும் அதற்குப் பதிலாக எழுதியதுதான் 1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்'. அதில் வரும் ஸ்ட்ராட் என்ற பிரபு, நம்மை எதிர்பார்த்து அறையில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். இறந்துபோன தன் காதலியின் சாயலில் ஐரீனா என்ற பெண்ணைக் கண்டு அவளை அடையத் துடிக்கிறான். இன்னொரு புதுமை, இந்த முறை அவன் நோக்கம் என்ன என்பதையே சீட்டுக்கட்டு முடிவு செய்யும். காட்டேரி பழசுதான், ஆசை மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் புதுசு! 2016-இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்று பெரிய புத்தகமாகவே மீண்டும் வந்தான்.

சரி, அந்தப் படகோட்டி என்ன கேட்டிருக்கலாம்? துடுப்பை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "தம்பி, காசு வேணாம். மக கடுதாசி போட்டிருக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டிருந்தால்? கத்தியை உருவ யாருக்கும் கை வந்திருக்காது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் எட்டிப் பார்த்திருப்பார்கள். ஒருவேளை அது கெட்ட செய்தியாக இருந்தால், உண்மையைச் சொல்வதா, மாற்றி வாசிப்பதா என்று குழுவுக்குள்ளேயே சண்டை வந்திருக்கும். மாஸ்டர் எழுத வேண்டியது இரண்டே வரி. திரும்பி வரும்போது அதே படகோட்டி அங்கே இருக்க வேண்டும், இவர்கள் என்ன வாசித்தார்கள் என்பதும் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவது இதைத்தான்.

இதிலேயே வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மாஸ்டருக்குத் தன் என்.பி.சி. மேலேயே காதல் வந்துவிடும்! ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மூன்று வாரம் ஆர்வமாக வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். கேட்டதற்கு, "அங்க எனக்கு வேலையே இல்லண்ணா. மாஸ்டரோட கிழட்டு மந்திரவாதியே எல்லாரையும் அடிச்சு முடிச்சிடறாரு. நாங்க கைதட்டணும், அவ்ளோதான்" என்றாள். என்.பி.சி. கேட்கலாம், கெஞ்சலாம், ஏமாற்றலாம். ஆனால் ஜெயிக்கிற வேலை வீரர்களுடையது.

"விளையாட்டுக்கு இவ்வளவு யோசிக்கணுமா?" என்று சிலர் சிரிப்பீர்கள். அவள் மாதிரி இன்னும் நாலு பேர் நின்றுவிட்டால் விளையாட ஆளே இருக்காது நண்பர்களே!

அடுத்த சனிக்கிழமை அவளையே மாஸ்டராக உட்கார வைக்கலாம் என்பது என் யோசனை. படகோட்டியின் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளே முடிவு பண்ணட்டும்.

— 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்