கவுன்சலிங் போனால் யாருக்கெல்லாம் தெரியும்? பல்கலைக்கழக மாணவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி

உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை நிலையம் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள், மின்னஞ்சலும் வந்திருக்கும். இருந்தும் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுபவர்கள் உண்டு. பலரைத் தடுப்பது ஒரே கேள்விதான்: "போனா யாருக்கெல்லாம் தெரியும்?"

மனநலக் கழகம் 2024 செப்டம்பரில் தேசிய இளையர் மனநல ஆய்வின் முடிவுகளை வெளியிட்டது. சிங்கப்பூரில் 15 முதல் 35 வயது வரையுள்ளோரில் 30.6 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் இருந்தன. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். உங்கள் டியூட்டோரியல் வகுப்பையே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உதவி இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் என எல்லாவற்றிலும் ஆலோசனைச் சேவை இருக்கிறது. முழுநேர மாணவர்களுக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு நம்பிக்கை வேண்டும். அது வரவேண்டுமானால் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் வேண்டும்.

யாருக்குத் தெரியாது?

நீங்கள் ஆலோசகரைப் பார்த்த விவரம் உங்கள் மதிப்பெண் சான்றிதழில் வராது. விரிவுரையாளருக்கோ விடுதி நண்பருக்கோ தகவல் போகாது. வீட்டுக்கும் யாரும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லப் போவதில்லை. ஆலோசகரின் குறிப்புகள் உங்கள் கல்விப் பதிவுகளோடு சேர்வதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிங்கப்பூரில் ஒருவர் 21 வயதில்தான் சட்டப்படி முழு வயதை அடைகிறார். உங்களுக்கு இன்னும் 21 ஆகவில்லை என்றால், பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சேவைக்குச் சேவை விதிமுறை மாறலாம்.

எப்போது வெளியே சொல்வார்கள்?

"எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று எந்த ஆலோசகரும் முழு உத்தரவாதம் தர முடியாது. விலக்குகள் உண்டு:

• உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக ஆலோசகர் கருதினால்
• உங்களால் இன்னொருவருக்குக் கடுமையான தீங்கு நேரலாம் என்றால், அல்லது ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால்
• நீதிமன்றமோ சட்டமோ கட்டாயப்படுத்தினால்

அப்போதுகூட, முடிந்தவரை முதலில் உங்களிடம்தான் பேசுவார்கள். பாதுகாப்புக்குத் தேவையான அளவு தகவல் மட்டுமே வெளியே போகும். முதல் சந்திப்பில் கையெழுத்திடும் படிவத்தில் இவை இருக்கும். "சும்மா சைன் பண்ணிட்டேன்" என்று விடாமல், படித்துப் பார்த்துக் கேள்வி கேளுங்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னால் வழக்குப் போடுவார்களோ என்று பயப்படுபவர்களும் உண்டு. போடமாட்டார்கள். 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் குற்றம் அல்ல. உங்கள் உயிரைக் காக்க அதிகாரிகள் வரலாம், ஆனால் அது தண்டிப்பதற்காக அல்ல. அப்படி ஓர் எண்ணம் வருவதை ஆலோசகரிடம் சொன்னாலே உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் இல்லை. அது எவ்வளவு நெருக்கடியானது என்பதை உங்களோடு பேசித்தான் மதிப்பிடுவார்கள்.

கடிதம் கேட்கும்போது நிலைமை மாறும்

பலர் யோசிக்காத இடம் இதுதான். அசைன்மெண்ட் தேதியைத் தள்ளிப்போட, தேர்வில் சலுகை கேட்க, ஒரு பருவம் விடுப்பு எடுக்க ஆதாரம் தேவை. ஆலோசகரோ மருத்துவரோ கடிதம் தந்தால், அதை நிர்வாகத்தில் ஒருவர் படிப்பார். தகவல் அந்த இடத்தில் வெளியே போகிறது, அதுவும் உங்கள் சம்மதத்தோடு.

கடிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதை அனுப்புவதற்கு முன்பே பார்க்கக் கேளுங்கள். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டுமா, "உடல்நலக் காரணம்" என்றிருந்தால் போதுமா என்றும் கேட்கலாம். ஸ்காலர்ஷிப் பெறுபவர் என்றால் விடுப்பு எடுப்பதை நிதி தருபவருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு மாணவர் என்றால் நீண்ட விடுப்பு மாணவர் அனுமதி அட்டையைப் பாதிக்கலாம். முடிவெடுக்கும் முன்பு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது?

இதற்கு முன்னால் மனநலக் குறைபாடு உண்டா என்று சில வேலை விண்ணப்பப் படிவங்கள் கேட்டதுண்டு. வேலையின் தன்மைக்கு அவசியம் என்றால் தவிர அப்படிக் கேட்கக்கூடாது என்று முத்தரப்பு வழிகாட்டிகள் 2020 முதல் கூறுகின்றன.

அடுத்த கட்டம் சட்டம். வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. வயது, இனம், சமயம் போன்றவற்றோடு மனநலப் பிரச்சினையையும் காரணம் காட்டிப் பாரபட்சம் பார்ப்பதை அது தடைசெய்கிறது. 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. நீங்கள் சேரப்போவது சின்ன ஸ்டார்ட்அப் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

காப்புறுதி விஷயத்தில் கவனம்

இங்கே பதில் அவ்வளவு இதமாக இல்லை. தனியார் காப்புறுதி நிறுவனங்கள் விண்ணப்பத்தில் நோய் கண்டறியப்பட்டதா, சிகிச்சை பெற்றீர்களா என்று கேட்கலாம். சில படிவங்கள் ஆலோசனை பெற்றதைப் பற்றியும் கேட்கும். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் பின்னால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

ஆனால் தேர்வு பயத்தையோ காதல் முறிவையோ பற்றி ஆலோசகரிடம் பேசுவது வேறு, மருத்துவர் ஒரு நோயைக் கண்டறிந்து பதிவு செய்வது வேறு. ஆலோசகர் மருந்து எழுதித் தருவதில்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. காப்புறுதிக்குப் பயந்து உதவியைத் தள்ளிப்போட்டால், சின்னதாக முடிந்திருக்க வேண்டியது பெரிய மருத்துவப் பதிவாக மாறலாம்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

தமிழ்க் குடும்பங்களில் "யாருக்குத் தெரியும்" என்பது "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பதோடு சேர்ந்தே வரும். இங்கே நம் சமூகம் சின்னது. தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும், "அவங்க எங்க அத்தைக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா?" என்ற பயமும் கூடவே வரும். இரண்டுமே நியாயம்தான். ஆலோசகரை மாற்றித் தரும்படி கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

வார்த்தையும் ஒரு சிக்கல். ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டையுமே நாம் "மன அழுத்தம்" என்று சொல்லிவிடுகிறோம். ஸ்ட்ரெஸ்ஸுக்குத்தான் மன அழுத்தம், டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு. "எனக்கு டிப்ரெஷன்" என்று தொடங்கினால் அம்மா அப்பா பயந்துபோகலாம். "கொஞ்ச நாளா சரியா தூக்கம் வரல, படிப்புல மனசு போகல. யூனிவர்சிட்டியில ஒருத்தர்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்று நடப்பதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். சொல்லியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. எப்போது, எவ்வளவு என்பது உங்கள் முடிவு.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம்?

"ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்கறதே யூனிவர்சிட்டிதானே?" என்று மாணவர்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை. அதைப் போக்கச் சுவரொட்டியும் மனநல வாரமும் போதாது. எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்பதை எளிய மொழியில், முன்பதிவுக்கு முன்பே, ஒரே பக்கத்தில் சொன்னால் அது அதிகம் உதவும். கையெழுத்திடும்போதுதான் விதி தெரியும் என்றால், வராமலே போனவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

தொழில்முறைக் கட்டுப்பாடும் முக்கியம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர்தான் ஆலோசகராகப் பணியாற்ற முடியும். சிங்கப்பூரில் அப்படிச் சட்டம் இல்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் பதிவேடு விருப்பத்தின் பேரிலானது. வெளியே தனியாரிடம் போவதாக இருந்தால், அவர் பதிவு பெற்றவரா, குறை இருந்தால் எங்கே சொல்வது என்று முதலில் கேளுங்கள்.

எங்கே தொடங்கலாம்?

வளாகத்துக்குள் போக இன்னும் தயக்கமா? வெளியேயும் வழி இருக்கிறது. மனநலக் கழகத்தின் 'சாட்' நிலையம் 16 முதல் 30 வயது வரையுள்ளோருக்கு இலவசமாக மனநலத்தை மதிப்பிட்டுத் தருகிறது. யாரிடமாவது பேச வேண்டும் என்றால்:

• தேசிய மைண்ட்லைன்: 1771 (24 மணி நேரம்), வாட்ஸ்அப் 6669 1771
• சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம்: 1767 (24 மணி நேரம்), வாட்ஸ்அப் 9151 1767
• மனநலக் கழகத்தின் உதவி எண்: 6389 2222 (24 மணி நேரம்)
• உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 995

எங்கே போனாலும், உங்கள் கதையைத் தொடங்கும் முன்பு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நான் இப்ப சொல்றது யாருக்கெல்லாம் போகும்?" நல்ல ஆலோசகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பதில் திருப்தி தந்தால் பேசத் தொடங்குங்கள். தராவிட்டால் வேறொருவரிடம் போகலாம், ஆனால் உதவி கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.